ஆறுதல் சொல்பவர்களுக்கு யார் ஆறுதல்?

(எமது வானொலியின் சுகாதார நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற முறை நான் இந்த நிகழ்ச்சிக்கு வந்து புற்றுநோய்ச் சிகிச்சைக் காலத்தில் குடும்பங்களுக்குக் கிடைக்கக்கூடிய உதவிகளைப் பற்றிக் கதைத்தேன். நிகழ்ச்சி முடியும் நேரத்தில் ஸ்காபரோவிலிருந்து ஒரு அம்மா தொலைபேசியில் வந்தார். "பிள்ளை, நீங்கள் ஒவ்வொரு நாளும் இந்த வருத்தக்காரரோடதானே இருக்கிறீங்கள். உங்களுக்கு மனம் தாங்குமே? நீங்கள் போய் ஆரோட கதைக்கிறனீங்கள்?" என்று கேட்டார். நேரம் போதாமையால், "பழகிப் போச்சுது அம்மா" என்று சொல்லிச் சமாளித்து விட்டேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தப் பதில் எனக்கே உறுத்தியது. அது உண்மையான பதில் அல்ல. ஆகவே இம்முறை அந்த அம்மாவின் கேள்வியையே தலைப்பாக எடுத்துக்கொண்டேன்.

இது எங்கள் தொழிலைப் பற்றிய சங்கதிதானே, நமக்கு என்ன என்று நீங்கள் நினைக்கலாம். உங்கள் வீட்டில் ஒருவருக்கு இந்த வருத்தம் வரும்போது உங்களுக்கு முன்னால் வந்து அமரும் சமூகப் பணியாளர் தனி ஆளாக வருகிறாரா, அல்லது பின்னால் பத்துப் பேரின் அனுபவத்தோடு வருகிறாரா என்பது உங்கள் குடும்பத்துக்குப் பெரிய வித்தியாசம். அதை விளக்குவதே இந்த உரையின் நோக்கம்.

நாங்கள் செய்யும் வேலை

முதலில் ஒரு சிறு விளக்கம். புற்றுநோய் வைத்தியசாலையில் வைத்தியர் கட்டியைப் பார்ப்பார், தாதி மருந்தையும் புண்ணையும் பார்ப்பார். அந்த வருத்தத்தைச் சுற்றியுள்ள மற்ற எல்லாம் எங்கள் மேசைக்கு வரும். வேலைக்குப் போக முடியாதபோது வீட்டு வாடகை எப்படிக் கட்டுவது, சின்னப் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது, குளிசைக்குக் காசு எங்கே எடுப்பது, ஊரிலுள்ள தாயைக் கடைசியாக ஒருமுறை கூப்பிட விசா எடுக்கலாமா, பயத்தில் நித்திரை வராவிட்டால் என்ன செய்வது, சாகப் போகிறேன் என்று தெரிந்தால் எதை எழுதி வைக்க வேண்டும் என்ற எல்லாமே இதற்குள் அடங்கும். இந்த உதவிக்கு நீங்கள் பணம் கட்டத் தேவையில்லை.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த காரணத்தையும் சொல்ல வேண்டும். நாங்கள் 1993 ஆம் ஆண்டு கனடாவுக்கு அகதிகளாக வந்த குடும்பம். 1996 இல் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். எனக்கு அப்போது 14 வயது. வீட்டில் ஆங்கிலம் தெரிந்தது எனக்கு மட்டும்தான். வைத்தியர் சொன்னதை நான்தான் அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். வருத்தம் கைக்குக் கீழேயுள்ள நிணநீர்க் கணுக்களுக்கும் பரவியிருக்கிறது என்று அவர் சொன்னார். அந்தச் சொல்லுக்குத் தமிழ் எனக்குத் தெரியவில்லை. பரவியிருக்கிறது என்று சொல்லவும் மனம் வரவில்லை. "கைக்குக் கீழ கொஞ்சம் வீக்கமாம் அம்மா, மருந்து தருவினமாம்" என்று சொன்னேன். அம்மா தலையாட்டினார். பிறகு அவர் சுகமாகி நீண்ட காலம் வாழ்ந்தார் என்றாலும், நான் அன்று மறைத்த அந்த ஒரு வசனத்தை யாரிடமும் சொல்லாமல் வருடக்கணக்காகச் சுமந்து கொண்டிருந்தேன். இன்று எங்கள் வேலையில் நாங்கள் அடிக்கடி சொல்லும் ஒரு விடயம்: பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள், வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். நான் இதைச் சொல்வது என் சொந்த அனுபவத்திலிருந்து.

தனி ஆளாக இருந்த காலம்

படித்து முடித்து 2009 இல் ஒரு வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே தமிழ் தெரிந்த சமூகப் பணியாளர் நான் ஒருத்திதான். என்னுடைய பட்டியலில் இல்லாத தமிழ் நோயாளர்களும் என்னிடமே வந்தார்கள். கோவிலில் கண்டால் கேட்பார்கள், கலியாண வீட்டில் சாப்பாட்டு மேசையில் கேட்பார்கள். "தங்கச்சி, அவருக்கு ஸ்கான் எடுத்தவை, ஒருக்கால் பாத்துச் சொல்லுங்கோவன்" என்பார்கள். நம்முடைய சனம், எப்படி மாட்டேன் என்று சொல்வது? இரவு பத்து மணிக்கும் தொலைபேசி அடித்தது.

மூன்றாவது வருடத்தில் ஒரு ஐயா என்னிடம் வந்தார். (இந்த உரையில் வரும் நோயாளர்கள் எல்லாருடைய விபரங்களையும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.) அவருக்குச் சிகிச்சை பலன் தராது என்று தெரிந்துவிட்டது. பிள்ளைகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பாவுக்கு மட்டும் சொல்லிப் போடாதேங்கோ" என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். வைத்தியரோ, நோயாளருக்குத் தெரியாமல் எதுவும் செய்ய முடியாது என்றார். இருவருக்கும் நடுவில் நான். ஐயா ஒவ்வொரு நாளும் என் முகத்தைப் பார்த்தபடி, "பிள்ளை, எல்லாம் சரி வருந்தானே?" என்று கேட்பார். நான் தலையணையைச் சரி செய்வேன், கதையை மாற்றுவேன். அவர் எதையும் சரிவர அறியாமலே இறந்து போனார். ஊரிலுள்ள தம்பியோடு கதைத்து ஒரு காணிப் பிணக்கைத் தீர்க்க வேண்டும் என்று முதல் மாதம் என்னிடம் சொல்லியிருந்தார். அது நடக்கவேயில்லை.

அடுத்த கிழமை காலையில் வேலைக்கு வந்து காரை நிறுத்திய பிறகு என்னால் இறங்க முடியவில்லை. நாற்பது நிமிடம் அப்படியே இருந்தேன். அழவும் இல்லை. ஒன்றும் தோன்றவில்லை. மேலதிகாரியிடம் சொன்னபோது, இரண்டு நாள் லீவு எடுக்கச் சொன்னார். எடுத்தேன். திரும்பி வந்தபோது மேசையில் அதே கோப்புகள் அப்படியே இருந்தன.

மூன்று விதமான களைப்பு

அந்த நாட்களில் எனக்கு நடந்ததற்குப் பெயர்கள் உண்டு என்பதைப் பிறகுதான் படித்தேன். களைப்பு எல்லாம் ஒன்றல்ல.

முதலாவது பணிச்சோர்வு. வேலை அளவுக்கு மிஞ்சி, கட்டுப்பாடு நம் கையில் இல்லாதபோது ஆள் உள்ளே வற்றிப் போவது. இதை அளப்பதற்கு அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்ரினா மஸ்லாக் 1981 இல் ஒரு வினாக்கொத்தையே உருவாக்கினார். இரண்டாவது இரக்கச் சோர்வு. மற்றவர்களின் துன்பத்தைக் கேட்டுக் கேட்டு, கேட்பவருக்கே அந்தத் துன்பத்தின் அறிகுறிகள் வருவது. இதைப் பற்றி சாள்ஸ் ஃபிக்லி 1995 இல் ஒரு நூல் வெளியிட்டார். மூன்றாவது அறநெறி வேதனை. சரியானது எது என்று மனதுக்குத் தெரியும், ஆனால் சூழ்நிலை அதைச் செய்ய விடாது. அன்ட்ரூ ஜேமற்றன் என்பவர் 1984 இல் தாதிமாரின் வேலையைப் பற்றி எழுதும்போது இதை விளக்கினார்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? பணிச்சோர்வுக்கு லீவு ஓரளவு உதவும். அந்த ஐயாவின் விடயத்தில் எனக்கு இருந்தது மூன்றாவது வகை. அதற்கு இரண்டு நாள் நித்திரை மருந்தாகாது. அதே இடத்தில் நின்ற இன்னொருவரோடு உட்கார்ந்து, நான் வேறு என்ன செய்திருக்கலாம் என்று கதைப்பதே உதவும். வீட்டில் கணவரோடு கதைக்க முடியாது, நோயாளரின் இரகசியம். ஊர்ச் சினேகிதிகளோடும் முடியாது, யாருடைய வீட்டுக் கதை என்று உடனே விளங்கிவிடும். ஒரே வேலை செய்பவர்களே மிஞ்சினார்கள்.

முன்னோடிகளுக்கும் இதே கதை

எங்கள் தொழிலின் சரித்திரமும் இதையே காட்டுகிறது. 1895 இல் லண்டன் றோயல் ஃப்ரீ வைத்தியசாலையில் மேரி ஸ்ரூவேட் என்ற பெண்மணி முதலாவது வைத்தியசாலைச் சமூகப் பணியாளராக நியமிக்கப்பட்டார். அமெரிக்காவில் 1905 இல் பொஸ்டன் நகரின் மசாசூசெற்ஸ் பொது வைத்தியசாலையில் றிச்சர்ட் கபொட் என்ற வைத்தியர் கார்னெற் பெல்ரன் என்ற தாதியை இந்த வேலைக்கு அமர்த்தினார். அவருக்குக் கிடைத்தது வெளிநோயாளர் பிரிவின் நடைபாதையில் ஒரு மூலை. காசநோயாளரின் குடும்பங்களோடு வேலை செய்த அவர் சில மாதங்களிலேயே தானும் காசநோய்க்கு ஆளாகி வேலையை விட வேண்டி வந்தது. அந்த இடத்துக்கு 1906 இல் வந்த அய்டா கனன், 1945 வரை அந்தப் பிரிவைக் கட்டி வளர்த்தார். 1918 இல் அமெரிக்க வைத்தியசாலைச் சமூகப் பணியாளர்கள் ஒன்றுகூடித் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். புற்றுநோய்ப் பிரிவில் வேலை செய்பவர்களுக்கான தனிச் சங்கம் அங்கே 1984 இல் உருவானது. அதாவது, மூலைக்கொருவராக இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் தேடிப் பிடித்த பிறகுதான் இந்தத் தொழிலுக்கு ஒரு பலம் வந்தது.

நம்மைப் போன்ற அகதிக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு கதையும் இதில் உண்டு. 1947 இல் லண்டனில் சிசிலி சோண்டர்ஸ் என்ற இளம் சமூகப் பணியாளர், டேவிட் ரஸ்மா என்ற போலந்து நாட்டு யூத அகதியைச் சந்தித்தார். உணவகத்தில் பரிமாறும் வேலை செய்தவர். உறவு என்று பக்கத்தில் யாரும் இல்லை. குணப்படுத்த முடியாத புற்றுநோய். சோண்டர்ஸ் அவருக்கருகே போய் இருந்து கதைத்தார். 1948 இல் இறக்கும்போது ரஸ்மா தன்னிடமிருந்த 500 பவுணை அவருக்கு விட்டுச் சென்றார், நீ கட்டப் போகும் இல்லத்தில் நான் ஒரு யன்னலாக இருப்பேன் என்ற கருத்தில். சோண்டர்ஸ் பிறகு வைத்தியராகவும் படித்து, 1967 இல் புனித கிறிஸ்தோபர் இல்லத்தை, அதாவது இறுதிக்கால நோயாளர்களைப் பராமரிக்கும் நிலையத்தை, தொடங்கினார். உடல் வலி, மன வலி, குடும்பக் கவலை, ஆன்மீகத் தவிப்பு எல்லாம் சேர்ந்ததே நோயாளரின் முழு வலி என்று உலகுக்குச் சொன்னவர் அவரே. அதன் தொடக்கத்தில் ஒரு அகதியும் ஒரு சமூகப் பணியாளரும் இருந்தார்கள்.

வியாழக்கிழமைக் கூட்டம்

என் கதைக்குத் திரும்புகிறேன். நான் காரில் இருந்த அந்தச் சம்பவத்துக்குச் சில மாதங்களின் பின், ஒரு பயிற்சிப் பட்டறையில் வேறொரு வைத்தியசாலையைச் சேர்ந்த மூத்த சமூகப் பணியாளர் ஒருவர் எனக்கு அருகில் இருந்தார். பொஸ்னியாவிலிருந்து அகதியாக வந்தவர். தேநீர் நேரத்தில், "உன்னுடைய நோயாளர்கள் கவலை என்ற கேள்விக்கு எத்தனை இலக்கம் போடுவார்கள்?" என்று கேட்டார்.

அவர் கேட்டது இதைத்தான். கனடாவில் எட்மன்ரன் நகரில் 1991 இல் உருவாக்கப்பட்ட ஒரு படிவம் ஒன்ராறியோவின் புற்றுநோய் நிலையங்களில் பாவனையில் உள்ளது. வலி, களைப்பு, குமட்டல், பசி, மூச்சிரைப்பு, மனச்சோர்வு, பதற்றம் முதலியவற்றுக்கு நோயாளர் 0 முதல் 10 வரை இலக்கம் இடுவார். நம்முடைய ஆட்கள் வலிக்கு 8 போடுவார்கள், மனச்சோர்வுக்கு 0 போடுவார்கள். நான் சொன்னேன், "எல்லாரும் சைபர்". அவர் சிரித்தார். "எங்கள் ஆட்களும் அப்படித்தான். சண்டை நடந்த இடத்திலிருந்து வந்தவர்களுக்கு, இது என்ன பெரிய கவலையா என்ற எண்ணம். அதோடு, எழுதிக் கொடுத்தால் எங்கே போய்ச் சேருமோ என்ற பயம்." மூன்று வருடமாக எனக்கு விளங்காமல் இருந்த ஒன்று ஒரு நிமிடத்தில் விளங்கியது.

அடுத்த மாதம் நாங்கள் ஆறு பேர், நான்கு வைத்தியசாலைகளிலிருந்து, வேலை முடிந்த ஒரு வியாழக்கிழமை மாலையில் கூடினோம். ஒரு நூலகத்தின் சிறு அறை. பத்து ஆண்டுகளுக்கு மேலாக இன்றும் தொடர்கிறது. 2020 இல் கொரோனா வந்தபோது கணினித் திரைக்கு மாறினோம். அப்போது இன்னும் தூரத்திலுள்ள சிறு நகரங்களில் தனியாக வேலை செய்பவர்களும் சேர்ந்தார்கள்.

எங்கள் கூட்டத்துக்கு ஐந்து விதிகள் உண்டு. வேறு துறைகளில் உள்ளவர்களுக்கும், முதியோரைப் பராமரிக்கும் தாதிமாருக்கும், நம் கோவில்களிலும் சங்கங்களிலும் தொண்டு செய்பவர்களுக்கும் உதவும் என்பதால் சொல்கிறேன்.

ஒன்று, நோயாளரின் பெயர், ஊர், வேலைத்தலம் எதுவும் வாயில் வரக் கூடாது. இது எங்கள் விருப்பம் மட்டுமன்று, சட்டமும் அதுதான். ஒன்ராறியோவில் நோயாளரின் தகவலைப் பாதுகாக்கும் சட்டம் 2004 முதல் உண்டு. சமூகப் பணியாளர்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் கல்லூரியும் உண்டு. விதியை மீறினால் தொழில் போகும்.

இரண்டு, ஒரு மாலையில் ஒரு விடயம். ஒருவர் சொல்வார், மற்றவர்கள் கேட்பார்கள். முதல் பத்து நிமிடம் யாரும் குறுக்கே பேசக் கூடாது.

மூன்று, ஆலோசனை சொல்ல முன் கேள்வி கேட்க வேண்டும். "நீ இப்படிச் செய்திருக்க வேணும்" என்று தொடங்குவதற்குத் தடை.

நான்கு, இறந்தவர்களுக்காகக் கூட்டத்தின் முடிவில் ஒரு நிமிடம். பெயர் சொல்வதில்லை. ஒவ்வொருவரும் மனதில் நினைப்போம். வருடத்துக்கு எத்தனையோ பேரை இழக்கிறோம், செத்தவீட்டுக்குப் போக முடிவதில்லை. ஆகவே இந்த ஒரு நிமிடம் எங்களுக்குத் தேவை.

ஐந்து, நடைமுறைத் தகவல் ஒன்றோடு ஒவ்வொருவரும் வர வேண்டும். புதிய படிவம், புதிய உதவித்திட்டம், இயங்காமல் போன தொலைபேசி இலக்கம், எதுவானாலும் சரி.

இப்படியான கூட்டம் எங்களுடைய கண்டுபிடிப்பு அல்ல. லண்டனில் 1950களில் மைக்கல் பாலின்ற் என்பவர் குடும்ப வைத்தியர்களைச் சிறு குழுவாக இருத்தி, அவர்களுடைய மனதைத் தொந்தரவு செய்யும் நோயாளரைப் பற்றிப் பேச வைத்தார். பொஸ்டனில் கென்னெத் ஷ்வார்ட்ஸ் என்ற சட்டத்தரணி 1994 இல் நுரையீரல் புற்றுநோய்க்கு ஆளாகி அடுத்த வருடம் இறந்து போனார். தன்னைப் பராமரித்தவர்கள் காட்டிய சின்னச் சின்ன அன்புதான் தன்னைத் தாங்கியது என்று எழுதினார். அவர் பெயரில் அமைந்த நிலையம், வைத்தியர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை எல்லாரும் சேர்ந்து தங்கள் வேலையின் மனப்பாரத்தைப் பேசும் கூட்டங்களை நடத்தத் தொடங்கியது. இன்று பல நாடுகளின் வைத்தியசாலைகளில் அது நடக்கிறது.

இதனால் உங்களுக்கு என்ன பயன்?

மூன்று உதாரணம் சொல்கிறேன்.

முதலாவது, "அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ" என்ற அந்தச் சங்கடம். எங்கள் முதல் கூட்டத்தில் நான் அந்த ஐயாவின் கதையைத்தான் சொன்னேன். சீன, இத்தாலியக் குடும்பங்களோடு நீண்ட காலம் வேலை செய்த ஒருவர் கேட்டார், "அந்த ஐயாவிடம் யாராவது கேட்டீர்களா, அவர் எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று?" நான் திகைத்துப் போனேன். யாரும் கேட்கவில்லை. பிள்ளைகள் விரும்பியதையும் வைத்தியர் விரும்பியதையும் மட்டுமே நான் பார்த்திருக்கிறேன். ஒன்ராறியோவின் 1996 ஆம் ஆண்டுச் சட்டப்படி, விளங்கிக்கொள்ளும் ஆற்றல் உள்ள நோயாளரின் சம்மதமின்றிச் சிகிச்சை செய்ய முடியாது. ஆனால், "எனக்கு விபரம் வேண்டாம், மகளிடம் சொல்லுங்கோ" என்று நோயாளரே சொல்லலாம். இப்போது நான் தொடக்கத்திலேயே கேட்கிறேன்: "ஐயா, உங்கட வருத்தத்தைப் பற்றிய விபரம் எல்லாம் உங்களுக்குச் சொல்லட்டோ, இல்லாட்டி பிள்ளையளோட கதைக்கட்டோ?" சிலர் பிள்ளைகளைக் காட்டுவார்கள். பலர், "எனக்குச் சொல்லுங்கோ, பிள்ளையளுக்குச் சொல்லாதேங்கோ, தாங்க மாட்டினம்" என்பார்கள்! இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் காப்பாற்ற மறைத்துக் கொண்டிருப்பது அப்போது வெளியே வரும். அதன்பின் காணிப் பிணக்கைப் பற்றிக் கதைக்கவும் நேரம் கிடைக்கிறது.

இரண்டாவது, குளிசைக் காசு. ஒன்ராறியோவில் வைத்தியசாலையில் ஏற்றும் கீமோ மருந்துக்கு நீங்கள் பணம் கட்டுவதில்லை. வீட்டில் விழுங்கும் புற்றுநோய்க் குளிசை அப்படி எல்லாருக்கும் தானாக இலவசமாகக் கிடைப்பதில்லை. மாதம் ஆயிரக்கணக்கான டொலர் வரும் குளிசைகள் உண்டு. வேலையிடத்துக் காப்புறுதி இல்லாத ஒரு தம்பி, வீட்டை விற்கலாமா என்று என்னிடம் கேட்டார். அந்த மாதக் கூட்டத்தில்தான், மருந்துச் செலவு விடயத்தை மட்டுமே பார்ப்பதற்கென்று புற்றுநோய் நிலையங்களில் தனி அலுவலர்கள் இருப்பதை அறிந்தேன். குடும்ப வருமானத்தோடு ஒப்பிடும்போது மருந்துச் செலவு அதிகமானால் உதவும் ட்ரிலியம் திட்டத்துக்கும், மருந்துக் கொம்பனியின் உதவித் திட்டத்துக்கும் ஒன்றாக விண்ணப்பித்தோம். வீடு விற்கப்படவில்லை.

மூன்றாவதைச் சொல்லத்தான் நான் இன்று வந்தேன். தொண்டையில் புற்றுநோய் வந்த ஒரு அண்ணை. கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்தால் குணமாகும் வாய்ப்பு நன்றாக இருந்தது. அந்தச் சிகிச்சையின்போது தலை அசையாமல் இருக்க, வெந்நீரில் இளக வைத்த பிளாஸ்ரிக் வலையை முகத்தில் படிய வைத்து, அச்செடுத்து, அந்த முகமூடியை மேசையோடு பொருத்துவார்கள். கிழமையில் ஐந்து நாள், ஏறத்தாழ ஏழு கிழமை. அச்செடுக்கும் நாளில் இந்த அண்ணை மேசையிலிருந்து பாய்ந்து எழும்பி வெளியே போய்விட்டார். "எனக்கு வேண்டாம், சாகிறன்" என்றார். சிகிச்சையை மறுத்தார் என்று கோப்பில் எழுதப்பட்டது. அவர் தடுப்புக் காவலில் இருந்தவர் என்பதையும், அங்கே அவர் முகத்தை மூடிக் கட்டி என்ன செய்தார்கள் என்பதையும் என்னிடம் மட்டும் சொன்னார். எனக்கு அவரோடு சேர்ந்து அழத்தான் தெரிந்தது. என்ன செய்வதென்று தெரியவில்லை.

கூட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. அன்றிரவே அந்தப் பொஸ்னிய அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் இதே போன்ற ஒருவரோடு முன்னர் வேலை செய்திருந்தார். படிப்படியாகச் சொல்லித் தந்தார். முதலில் அந்த அறையை யாரும் இல்லாத நேரத்தில் காட்டு. முகமூடியைக் கையில் கொடு, அவர் தொட்டுப் பார்க்கட்டும். கண், வாய்ப் பக்கத்தில் வெட்டி விட முடியுமா என்று கதிர்வீச்சுப் பணியாளரிடம் கேள். கை உயர்த்தினால் உடனே நிறுத்துவோம் என்று உறுதி கொடு, ஒருமுறை நிறுத்தியும் காட்டு. என்ன செய்யப் போகிறோம் என்பதை ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே சொல்லச் சொல். அறையில் தமிழ்ப் பாட்டுப் போடு. பதற்றத்துக்கு மருந்து தரலாமா என்று வைத்தியரிடம் கேள். அதோடு, ரொறன்ரோவில் 1977 முதல் சித்திரவதைக்கு உள்ளானோருக்கு உதவும் நிலையம் ஒன்று இயங்குவதையும் நினைவுபடுத்தினார்.

இரண்டு கிழமை எடுத்தது. கதிர்வீச்சுப் பணியாளர்கள் விடயம் விளங்கியதும் மிகுந்த பொறுமையோடு ஒத்துழைத்தார்கள். அண்ணை முழுச் சிகிச்சையையும் முடித்தார். கடைசி நாளில் அந்த முகமூடியை வீட்டுக்கு எடுத்துப் போய்த் தோட்டத்தில் வைத்து உடைத்தாராம். நேயர்களே, அந்த அக்காவை எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால், கோப்பில் எழுதப்பட்ட அந்த ஒரு வசனத்தோடு அவருடைய கதை முடிந்திருக்கும்.

நீங்கள் செய்யக்கூடியவை

முதலாவதாக, வருத்தம் கண்டுபிடித்த உடனேயே சமூகப் பணியாளரைச் சந்திக்க வேண்டும் என்று கேளுங்கள். கடைசிக் கட்டம் வரை காத்திருக்க வேண்டாம். அவர் தமிழராக இருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. மொழிபெயர்ப்பாளரோடு வரும் ஒரு நல்ல வேற்றினப் பணியாளர், நேரமில்லாமல் ஓடும் தமிழ்ப் பணியாளரைவிட உங்களுக்குக் கூடுதலாக உதவக் கூடும்.

இரண்டாவதாக, அவருக்குத் தெரியாத ஒன்றை நீங்கள் கேட்டால், "உங்களோடு வேலை செய்யும் வேறு யாருக்காவது இது தெரியுமா?" என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல பணியாளர் அதைக் குறையாக எடுக்க மாட்டார்.

மூன்றாவதாக, படிவத்தில் மனச்சோர்வுக்கு உண்மையான இலக்கத்தைப் போடுங்கள். அந்த இலக்கம் குடிவரவுத் திணைக்களத்துக்குப் போவதில்லை. உங்களைக் கவனிப்பவர்களிடமே போகிறது.

நான்காவதாக, தொழில் பார்ப்பவர்களுக்குச் சட்டப்படி உள்ள உரிமைகளைக் கேளுங்கள். நோயாளருக்கான வேலைக் காப்புறுதிக் கொடுப்பனவு 2022 டிசெம்பர் முதல் 15 கிழமையிலிருந்து 26 கிழமையாகக் கூடியுள்ளது. பராமரிக்கும் குடும்பத்தினருக்கும் தனியான கொடுப்பனவுகள் உள்ளன. தகுதி நிபந்தனைகளைப் பணியாளர் விளக்குவார்.

ஐந்தாவதாக, உங்கள் பிள்ளைகளில் ஒருவர் சமூகப் பணி படிக்க விரும்பினால், "அதில காசில்லை" என்று தடுக்காதீர்கள். எங்கள் வியாழக்கிழமைக் கூட்டத்தில் இன்று தமிழ்ப் பிள்ளைகள் மூன்று பேர் இருக்கிறார்கள். முதல் வருடத்திலேயே வந்து சேர்ந்தவர்கள். அவர்களில் ஒருத்தி போன மாதம், ஒரு நோயாளர் இறந்த அன்று மாலையே எனக்குத் தொலைபேசி எடுத்தாள். "அக்கா, கொஞ்ச நேரம் கதைக்கலாமோ?" என்றாள். ஒரு மணித்தியாலம் கதைத்தோம். அடுத்த நாள் வேலைக்குப் போனாள்.

ஸ்காபரோவிலிருந்து அழைத்த அம்மாவுக்கு என் பதில் இதுதான்: பழகிப் போகவில்லை அம்மா. தனியாக இருந்த காலத்தில் மனம் தாங்கவும் இல்லை. இப்போது கதைக்க ஆட்கள் இருக்கிறார்கள். வியாழக்கிழமை மாலை ஆறரை மணிக்கு.